சேலம் லைனில் சவரிமுத்து

காலையில் எழுந்ததும் காபிக்கு முன்னால் எனக்கு ஒரு வேலை உண்டு. கைபேசியில் சவரிமுத்துவின் வலைத்தளத்தைத் திறந்து பார்ப்பேன். அவன் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. புதிதாக அதில் ஒன்றும் வரப்போவதில்லை என்று எனக்கும் தெரியும், நான் அவ்வளவு பெரிய மக்கு இல்லை. ஆனாலும் திறப்பேன். பழசில் எதையாவது ஒன்றைப் படித்துவிட்டு, "வாயைப் பாரு இவனுக்கு" என்று திட்டிவிட்டு, அப்புறம்தான் பால் பாக்கெட்டை வெட்டுவேன். போன வாரம் திறந்தால் வெள்ளையாக ஒரு பக்கம். அப்படி ஒரு தளமே இல்லை என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அதை வருஷா வருஷம் புதுப்பிக்கணும்மா. யாரும் பண்ணலை போலிருக்கு. போயிடுச்சு" என்றாள். எங்கே போயிடுச்சு என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கு வரவில்லை. பேசிக்கொண்டே இருக்கும்போது லைன் செத்துப்போனால் காதில் ஒரு வெறுமை விழும் பாருங்கள், இரைச்சல்கூட இல்லாத வெறுமை, அது விழுந்தது. கூடவே, எங்கிருந்து வந்ததோ, பழைய ஹெட்செட்டின் வாசனையும் வந்தது. தேங்காய் எண்ணெய், காதுக்குப் பின்னால் வழிந்த வியர்வை, சூடேறிய ரப்பர், முந்தின ஷிப்டுக்காரி தலையில் வைத்திருந்த மரிக்கொழுந்து, எல்லாம் கலந்த வாசனை. அதைக் காதில் மாட்டிய முதல் நாள் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பின்னாளில் புது மெஷின் வந்து அதையெல்லாம் மூட்டை கட்டித் தூக்கிப்போட்டபோது மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதவளும் நான்தான்.

எண்பதுகளில் தர்மபுரி எக்ஸ்சேஞ்சில் நான் டிரங்க் ஆபரேட்டர். நல்லம்பள்ளியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போவேன். இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் எங்களிடம் நம்பரைச் சொல்லிவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். நாங்கள் சேலத்து ஆபரேட்டரைப் பிடித்து, அவர் அங்கே ஆளைப் பிடித்து, இரண்டு பேரையும் கோர்த்துவிட வேண்டும். மழை வந்தால் போச்சு, லைன் பூராவும் கொரகொரப்பு. இவர் கத்துவது அவருக்குக் கேட்காது. அவர் கத்துவது இவருக்குக் கேட்காது. நடுவில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு மட்டும் இரண்டு பக்கமும் கேட்கும். அப்போது நாங்களே வாய் கொடுப்போம். "பையன் பொறந்திருக்கானாம்", "லாரி இன்னும் வரலையாம்" என்று இங்கே கேட்டதை அங்கே திருப்பிச் சொல்வோம். எத்தனை வீட்டுப் பிரசவத்தையும் சாவையும் என் வாயால் சொல்லியிருக்கிறேன் தெரியுமா! என் குரலோ ஊருக்கே கேட்கும். "வூட்டுக்கு வந்தும் ஹலோ சேலம், ஹலோ சேலம்னு கத்தாத தாயே" என்று என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிடுவார்.

அப்படித்தான் சவரிமுத்து எனக்குப் பழக்கமானான். சேலத்தில் அச்சாகும் ஒரு நாளிதழுக்கு அவன் தர்மபுரி நிருபர். சாயங்காலம் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, எங்கள் ஆபீஸ் வாசலில் இருந்த டெலிபோன் கூண்டுக்குள் நுழைந்து, அன்றைய செய்திகளைச் சேலத்துக்குப் படிப்பான். ஆள் ஒல்லி. கழுத்தெலும்பு தெரியும். குரல் மட்டும் எங்கிருந்துதான் வருமோ, கண்டாமணிதான். லைன் சரியில்லாத நாளில் அவன் ஒரு வரி சொல்ல, அதை நான் சேலத்துக்குத் திருப்பிச் சொல்ல, அங்கே ஒருவர் எழுதிக்கொள்வார். அந்தச் சேலத்துக்காரர் ரொம்ப நாள் வரைக்கும் என்னையே நிருபர் என்று நினைத்துக்கொண்டு, "தக்காளி மேட்டர் பிரமாதம்மா" என்று பாராட்டியிருக்கிறார். நானும் பெருமையாக வாங்கிக்கொண்டேன். வந்த பாராட்டை எதற்கு விட வேண்டும்?

தக்காளி மேட்டர் என்ன என்று கேட்கிறீர்களா? பாலக்கோட்டில் விலை விழுந்து, பறித்த கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று தக்காளியை ரோட்டில் கொட்டிவிட்டார்கள். அந்த வாரமே ஒரு பெரிய அதிகாரி மேடை போட்டு, விவசாயிகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று பேசினார். இவன் கூட்டத்தில் எழுந்து நின்று, "சார், நீங்க வந்த ஜீப்பு டயரைப் பாத்துட்டு வந்து பேசுங்க. அதுல ஒட்டியிருக்கறது தக்காளிங்க" என்றிருக்கிறான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது அவனுக்கு. அதிகாரி என்றும் பார்க்கமாட்டான், கட்சிக்காரர் என்றும் பார்க்கமாட்டான். மறுநாள் பத்திரிகையில் பார்த்தால் அந்த ஜீப்பு டயர் வரியை வெட்டியிருந்தார்கள். அவன் சொன்னதில் பாதிதான் அச்சில் வரும். மீதிப் பாதி எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும். காதலா கீதலா என்று கேட்டுவிடாதீர்கள். எனக்கு அப்போதே இடுப்பில் ஒரு குழந்தை. அவன் என்னை அக்கா என்பான். கூடப் பிறந்த தம்பிகள் மூன்று பேர் எனக்கு இருந்தார்கள், அவர்களுக்காக நான் இவ்வளவு அழுததில்லை.

அவன் ஊர் பாலக்கோட்டுப் பக்கம். வேதக்காரர்கள், அதான் கிறிஸ்தவர்கள், நிறைந்த ஊர். சவரிமுத்து வீடு மாதிரி நிலபுலம் உள்ள குடும்பங்கள் கோயிலைச் சுற்றி இருந்தன, காலனி ஓடைக்கு அந்தப் பக்கம். இரண்டு பக்கமும் ஒரே மாதாவுக்குத்தான் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அந்தக் கோயிலில் ஒரு பெட்டி இருந்தது. மரத்தில் செய்து கறுப்பு வர்ணம் அடித்து, மேலே வெள்ளிச் சிலுவை பதித்த சவப்பெட்டி. ஊருக்கே அது ஒன்றுதான். யார் செத்தாலும் அதில் வைத்துக் கல்லறைக்குத் தூக்கிப்போய், உடலை மட்டும் இறக்கிப் புதைத்துவிட்டு, பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து கோயிலில் வைத்துவிடுவார்கள். யார் செத்தாலும் என்றா சொன்னேன்? காலனியில் செத்தால் கிடையாது. அவர்களுக்கு மூங்கில் பாடைதான்.

ஒரு ஐப்பசி மழையில் காலனி அந்தோணியின் பெண் குழந்தை காய்ச்சலில் செத்துப்போனது. விடாத மழை. ஓடையில் தண்ணீர். பிள்ளை நனையாமல் போகட்டும், இந்த ஒரு தரம் பெட்டியைக் கொடுங்கள் என்று அந்தோணி கோயில் வாசலில் நின்று கேட்டிருக்கிறான். கொடுக்கவில்லை. பிள்ளையைப் பாயில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு மழையிலேயே நடந்து போனான். சவரிமுத்து கூடவே நடந்திருக்கிறான். அன்று சாயங்காலம் சொட்டச் சொட்ட நனைந்து வந்து கூண்டுக்குள் நின்றான். மழையில் லைன் படுமோசம். அவன் சொல்லச் சொல்ல நான்தான் சேலத்துக்குச் சொன்னேன். "பிள்ளையின் கால் பாய்க்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது" என்று ஒரு வரி. அதைச் சொல்லும்போது என் குரல் தாழ்ந்துவிட்டது. "சத்தமா சொல்லும்மா, கேக்கலை" என்றார் சேலத்துக்காரர். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி சொன்னேன்.

அடுத்த நாள் சின்னதாக வந்தது. கால் தொங்கிய வரி வரவில்லை, ஆனால் ஊர்ப் பெயர் வந்துவிட்டது. நிருபர் பெயர் போடும் வழக்கம் அந்தப் பத்திரிகையில் இல்லை. ஊருக்குள் எவன் எழுதினான் எவன் எழுதினான் என்று ஒரே கொந்தளிப்பு. இவன் என்ன செய்தான் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் எல்லார் முன்னாலும் போய் நின்று, "நான்தான் எழுதினேன்" என்று சொல்லப்போகிறேன் என்றான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "உன் பேருதான் வரலையே, கம்முனு இருந்து தொலையேன்" என்றேன்.

"வெளியாளு எழுதினா கோவம் வரும்க்கா. நம்ம வூட்டுப் பையன் எழுதினான்னா வெக்கம் வரும். வெக்கம் வந்தா மாறிருவாங்க" என்றான்.

அப்படி ஒரு நம்பிக்கை அந்தப் பைத்தியக்காரனுக்கு. ஊர் உலகத்தையெல்லாம் எடைபோட்டு எழுதுகிறவன், சொந்த ஊரை மட்டும் தப்பாக எடைபோட்டான். போய்ச் சொன்னான். வெட்கம் யாருக்கும் வரவில்லை. அன்றைக்கே ஊரை விட்டுத் தள்ளி வைத்துவிட்டார்கள். அவனோடு பேசினால் அந்த வீட்டையும் தள்ளி வைப்போம் என்று கட்டுப்பாடு. அவன் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். பாவம், அந்த மனுஷனும் என்ன செய்வார்? வாசல் கதவைச் சாத்திக்கொண்டார். பூசை வைக்க வருகிற சாமியார் நல்லவர்தான், சொல்லிப் பார்த்தார். அவர் சொல்லும் அங்கே எடுபடவில்லை.

அவனைத் தள்ளி வைக்க முடியாத ஒரே ஆள் அன்னம்மா, அவன் அம்மா. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தர்மபுரிக்குப் பஸ் ஏறிவிடும். வெளியில் எங்கே பார்த்தாலும் ஊர்க்காரர் கண்ணில் பட்டுவிடும் என்று, எங்கள் ஆபீஸில் பொம்பளைகள் சாப்பிடும் அறைக்குள் அந்தம்மாவை உட்கார வைத்துவிட்டு நான் அவனைக் கூப்பிட்டனுப்புவேன். தூக்குப்போசியில் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவரும். அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இப்போதும் அவரைக்கொட்டை வேகிற வாசனை வந்தால் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வருகிறது. ஒரு நாள் அவன் கை கழுவப் போனபோது நான் சும்மா இருக்காமல், "ஏம்மா, உங்க புள்ள எழுதினது சரியா தப்பா?" என்று கேட்டுவிட்டேன். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான்.

"சரிதான் கண்ணு. அந்தோணியோட புள்ள பொறக்கறப்ப நானுந்தான் போயி நின்னேன்" என்றது அந்தம்மா. அவன் திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டது. "முத்து, எனக்கு ஒண்ணும் வேணாம். நான் செத்தா நீ வந்து ஒரு பிடி மண்ணு போடணும். யாரு என்ன சொன்னாலும் போடணும். நீ போடலன்னா நான் அங்க படுக்கமாட்டேன்."

"போடறேம்மா. சும்மா அழுவாத" என்றான் அவன்.

அதற்கப்புறம் ஒரு வருஷம்கூட இல்லை. ஒரு நாள் காலை ஷிப்டில் அந்த ஊர்த் தபாலாபீஸிலிருந்து ஓசூருக்கு ஒரு கால். சொந்தக்காரர் வீட்டுக்கு அண்ணன் பேசினார். "அம்மா போயிட்டாங்க. சாயந்திரம் எடுக்கறோம்." தர்மபுரியில் இருக்கும் தம்பிக்கு ஒரு கால் போடச் சொல்வார், இதோ சொல்வார் என்று நான் காத்திருந்தேன். வைத்துவிட்டார். ஆபரேட்டர் காதில் விழுந்ததை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம் இருந்தது. சட்டமாவது ஒன்றாவது. பக்கத்தில் இருந்தவளிடம் போர்டைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, டவுனில் அவன் வாடகைக்கு இருந்த அறைக்கு ஓடினேன். இரண்டு பேருமாக பஸ் பிடித்துப் போனோம். வழி முழுக்க அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. சவரிமுத்து பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

உடலைக் கோயில் முன்னால் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், அந்தக் கறுப்புப் பெட்டியில்தான். ஊரே கூடியிருந்தது. காலனி ஆட்கள் ஓரமாக, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அந்தோணியும் நின்றான். அண்ணன் ஓடி வந்து தம்பி கையைப் பிடித்து அழுதார். பின்னாலேயே ஊர்ப் பெரியவர்கள் வந்துவிட்டார்கள்.

"வா, வேணாங்கல. ஆனா ஒரு வார்த்த சொல்லிட்டு வா. நான் எழுதினது பொய்யின்னு கோயில் முன்னால சொல்லிடு. அதோட எல்லாத்தையும் மறந்துடறோம்" என்றார் ஒருவர்.

இவன் வெடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அதிகாரியை ஜீப்பு டயரைப் பார்க்கச் சொன்னவன் ஆயிற்றே. அவன் பெட்டியைப் பார்த்தான். பெட்டிக்குள் அம்மா முகத்தைப் பார்த்தான். வேப்பமரத்துப் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

"நான் எழுதினது பொய்ங்க."

அந்தக் கண்டாமணிக் குரல் எங்கே போனதோ, பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லு, பின்னால கேக்கல" என்றார் அந்தப் பெரியவர்.

இத்தனை வருஷமாக அவன் சொன்னது கேட்காதபோதெல்லாம் திருப்பிச் சொன்னவள் நான். அன்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவனே மறுபடி சொன்னான். இந்த முறை எல்லாருக்கும் கேட்டது, மரத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும்.

மண் போட்டான். ஒரு பிடி போட்டுவிட்டு நகர வேண்டியவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான், அண்ணன்தான் தூக்கி நிறுத்தினார். எல்லாரும் கலைந்த பிறகு அந்தோணியைத் தேடிக்கொண்டு போனான். அந்தோணி அவனைச் சாமி என்றுதான் ஆரம்பத்தில் கூப்பிடுவானாம். இவன் சண்டை போட்டு, கெஞ்சி, அண்ணா என்று கூப்பிட வைத்திருந்தான். பஸ்ஸில் திரும்பி வரும்போது, பாதி வழி தாண்டித்தான் என்னிடம் வாயைத் திறந்தான்.

"மன்னிச்சுக்கடான்னேன்க்கா. உடுங்க சாமி, ஆத்தாளுக்கு மண்ணு போட்டுட்டீங்கல்ல, அது போதும்னான். மறுபடியும் சாமின்னுட்டான்க்கா."

அப்புறம் ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். கண்டக்டர் எங்கள் பக்கமே வரவில்லை.

பத்திரிகை சும்மா விடுமா? நீயே பொய் என்று ஒத்துக்கொண்டாயாமே என்று கேட்டார்கள். இவன் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மாவைச் சாக்காகக் காட்டுவதாக ஆகிவிடும் என்று வீம்பு. வேலை போயிற்று. பெங்களூர் போனான். அங்கே ஓர் அச்சகத்தில் பிழை திருத்தி, அப்புறம் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கக் கற்றுக்கொண்டு, இன்டர்நெட் என்ற பெயரையே நாங்கள் யாரும் கேள்விப்படாத காலத்தில் அதில் அரசியல் எழுத ஆரம்பித்துவிட்டான். தமிழில் அப்படி முதலில் எழுதியவர்களில் அவனும் ஒருவன் என்று பின்னால் எல்லாரும் சொன்னார்கள். சிங்கப்பூரில் படித்தார்கள், அமெரிக்காவில் படித்தார்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் முறை வைத்துத் திட்டினார்கள். கேஸ் போட்டார்கள். அவன் அசரவில்லை. "இங்க எவனும் வெட்ட முடியாதுக்கா. முழுசா வருது!" என்று போனில் சின்னப்பிள்ளை மாதிரி குதித்தான்.

எழுதினதில் ஒரு சொல்லைக்கூட மாற்றமாட்டான். ஒருமுறை யாரோ ஒரு மந்திரி பேசாத பேச்சைப் பேசியதாக எழுதிவிட்டான். படித்தவர்களெல்லாம் ஆதாரத்தோடு சுட்டிக்காட்டினார்கள். நானே கூப்பிட்டு, "தப்புன்னா தப்புன்னு போட்டுட்டுப் போயேன்டா, கிரீடமா எறங்கிடும்?" என்று திட்டினேன். "ஒருதரம் மாத்திச் சொன்னேன்ல. போதும்க்கா" என்றான்.

இன்னொரு தரம், "இப்பதான் எவனும் வெட்ட முடியாதுங்கறியே, அந்தோணி புள்ள விஷயத்தை முழுசா எழுதேன்" என்று கேட்டேன். "எப்படிக்கா எழுதறது? நான் பொய்னு சொன்னதுக்கு ஊரே சாட்சி இருக்கு" என்றான். லட்சக்கணக்கான வரிகள் எழுதியிருப்பான். அதை மட்டும் எழுதவில்லை.

பெங்களூரில்தான் செத்தான். கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. அண்ணன் மகன் பக்கத்து ஊரில் வாத்தியார், நல்ல பிள்ளை, அவன்தான் போய் எடுத்து வந்து அம்மா பக்கத்திலேயே இடம் வாங்கிப் புதைத்தான். நானும் போயிருந்தேன். வாடகைக்கு எடுத்த குளிர்ப்பெட்டியில் கிடந்தான். கழுத்தெலும்பு அப்படியே இருந்தது. அந்தப் பழைய பெட்டி எங்கே என்று கேட்டேன். மக்கிப்போய் எப்போதோ அடுப்புக்குப் போய்விட்டதாம். இப்போது யார் செத்தாலும் டவுனிலிருந்து குளிர்ப்பெட்டிதான், ஓடைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எல்லாம் கிடையாதாம். நன்றாக இருக்கட்டும். ஆனால் அதற்காகத் தன் அம்மாவைப் பிரிந்து நின்றவனைப் பற்றி ஒருத்தருக்கும் ஒரு நினைப்பு இல்லை.

அந்தோணியும் செத்துப்போய்விட்டானாம். அவன் பிள்ளைகள் திருப்பூர்ப் பக்கம் எங்கேயோ இருக்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. வாத்தியாரிடம், "உங்க சித்தப்பா இந்த ஊரைப் பத்தி எழுதினது உனக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டேன்.

"தெரியுமேங்க. எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்" என்றான். "பெட்டி குடுக்கலன்னு ஏதோ தப்பா எழுதிட்டாராம். அப்புறம் அவரே கோயில் முன்னால நின்னு பொய்யின்னு ஒத்துக்கிட்டாராம். எவ்ளோ பெரிய மனசு பாருங்க. இன்னைக்கும் எங்க பெரியவங்க அதைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களுக்குப் புத்தி சொல்வாங்க."

பெருமையாகத்தான் சொன்னான்.

"பொய் இல்லப்பா. நெஜம். மழையில அந்தப் புள்ளையத் தோள்ல போட்டுட்டுப் போனாங்க. சேலத்துக்கு நான்தான் சொன்னேன், என் வாயாலதான் சொன்னேன்" என்றேன்.

"அப்படிங்களா ஆயா" என்றான் மரியாதையாக. "வெயில்ல நிக்காதீங்க. உள்ள வந்து ஒக்காருங்க, டீ சொல்றேன்."

நேற்று என் மகள் எங்கெங்கோ தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டாள். தளத்தில் இருந்தது ஒன்றும் கிடைக்கவில்லையாம். அந்தப் பத்திரிகையை மூடியாயிற்று. பழைய தாள்களை எங்கே போட்டார்களோ, விசாரித்தால் சொல்ல ஆள் இல்லை. மழையன்று அவன் சொன்ன வரிகள் என் தலைக்குள் இருக்கின்றன, எனக்கோ இப்போதே சாவியை எங்கே வைத்தேன் என்று ஞாபகம் இருப்பதில்லை. வாழ்நாள் பூராவும் அவன் பேசியதில், எழுதியதில், இன்றைக்கும் நாலு பேர் வாயில் புழங்குவது ஒரே ஒரு வரி. அவனிடம் கட்டாயப்படுத்தி வாங்கிய அந்த ஒரு பொய்.